ஏறுவரிசையில் எழுபத்திரண்டு எண்கள்

வீட்டு வசதி அலுவலகத்தில் அவளுக்குச் 'சேவக்கா' என்று பெயர். கணினியில் ஒரு வரி அடித்தால் ஒரு சேவ், தும்மினால் ஒரு சேவ், யாராவது பின்னால் வந்து நின்றால் ஒரு சேவ். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பது பக்க ஆண்டறிக்கையை அடித்து முடித்துக் கடைசிப் புள்ளி வைக்கிற நேரத்தில் கரண்ட் போய், நாற்பது பக்கமும் போன இடம் தெரியாமல் போனது. மறுநாள் உட்கார்ந்து மொத்தத்தையும் மறுபடி அடித்தாள். அன்றிலிருந்து அவளுடைய இடது கை அவளைக் கேட்காமலே சேமிக்கிற பொத்தான்களுக்குப் போய்விடும்.

"அக்கா, உங்க கல்யாணத்தையும் சேவ் பண்ணி வச்சீங்களா?" என்று பதிவேட்டு எழுத்தர் கேட்பார்.

"வச்சேன். அதான் இருபத்தஞ்சு வருஷமா டெலிட் பண்ண வரமாட்டேங்குது."

இந்த ஒரே பேச்சுக்கு அலுவலகம் மாதம் இரண்டு முறையாவது சிரிக்கும். அவளும் சிரிப்பாள். பம்பு செட் பழுது பார்க்கிற அவள் கணவன் மட்டும், ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தபோது இதைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் டப்பாவை வைத்துவிட்டுப் போனான்.

வயது நாற்பத்தொன்பது. தட்டச்சு இயந்திரத்தில் கற்றுக்கொண்ட கை. விசைப்பலகையைப் பார்க்காமல், வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு அடிப்பாள். எழுத்தில் பிழை விட்டால் படிக்கிறவன் திருத்திக்கொள்வான், எண்ணில் விட்டால் யார் திருத்துவது என்பது அவளுடைய வாதம். அதனால் எண்களை அடித்த பிறகு, கடைசியிலிருந்து முதல் வரைக்கும் தலைகீழாக ஒருமுறை படித்துச் சரிபார்ப்பாள். இருபத்துமூன்று வருடத்தில் அவள் அடித்த எண்ணில் ஒரு தப்பு என்று யாரும் சொன்னதில்லை. அந்த அலுவலகத்தில் அவளுக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அவளுக்கு ஒரு தங்கை. ஆறு வயது இளையவள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. கணவன் கப்பலில் போனவன், பத்து மாதத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து இருபது நாள் தூங்கிவிட்டுப் போவான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் மாடியில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்கார அம்மாவின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. இரண்டு மாதம் தவணை கேட்டுத் தங்கை கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் குலுக்கல் வந்தது.

புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடியில் முப்பத்தாறு வீடுகள். விண்ணப்பம் போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். தங்கை மூன்றாவது முறையாகப் போட்டிருந்தாள். அவள் விண்ணப்ப எண் முந்நூற்று எண்பத்தெட்டு.

குலுக்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சேவக்கா சூப்பிரண்டிடம் போய் நின்றாள்.

"சார், என் தங்கச்சி நம்பரும் இதுல இருக்கு. அன்னிக்கு வேற யாரையாவது உட்கார வச்சிடுங்களேன்."

"வேற யாருக்கும்மா உன் வேகம் இருக்கு? இந்தப் பதிவேட்டுக்காரரை உட்கார வச்சா ஒரு நம்பருக்கு ஒரு நாள் ஆகும். நீ அடிக்கத்தானே போற, எடுக்கவா போற?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரி என்று வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கூடத்தில் குலுக்கல். போட்டது இருநூறு நாற்காலி, வந்தது எழுநூறு பேர். மேடையில் கைப்பிடி வைத்த இரும்பு உருளை. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு மர வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விண்ணப்ப எண். எழுபத்திரண்டு வில்லைகள் எடுப்பார்கள். முதலில் வரும் முப்பத்தாறுக்கு வீடு. அடுத்து வரும் முப்பத்தாறு காத்திருப்போர் பட்டியல், யாராவது வேண்டாம் என்றால் உண்டு. ஆக, எந்த எண் வந்தது என்பது பாதிதான். எத்தனையாவதாக வந்தது என்பதுதான் மீதிப் பாதி.

சூப்பிரண்ட் வில்லையை எடுத்து மைக்கில் படிப்பார். சேவக்கா லேப்டாப்பில் அடிப்பாள். பதிவேட்டு எழுத்தர் பெரிய புத்தகத்தில் கையால் எழுதுவார். வில்லை பிளாஸ்டிக் வாளிக்குள் விழும். அதுதான் விதி.

"இருநூற்றுப் பத்தொன்பது!"

யாரோ கத்தினார்கள். அடுத்து நாற்பத்தேழு, முந்நூற்று ஐந்து, பன்னிரண்டு. ஐந்தாவது வில்லையைச் சூப்பிரண்ட் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார்.

"முந்நூற்று எண்பத்தெட்டு!"

கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அது யாருடைய கூச்சல் என்று திரும்பிப் பார்க்காமலே சேவக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலும் தங்கை அப்படித்தான் கத்துவாள். வாயிலிருந்த ஹேர்பின் விழுந்தது. மூன்று, எட்டு, எட்டு என்று அடித்தாள். கை சேவ் போட்டது.

அதற்குப் பிறகு இரைச்சல்தான். ஆளுக்கு ஆள் எழுந்து நின்றார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், நாற்காலி உடைந்தது. முப்பத்தாறு முடிந்ததும் நிறுத்தி, இனி காத்திருப்போர் பட்டியல் என்று அறிவிக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் சூப்பிரண்ட் நிறுத்தவே இல்லை. ஒரே மூச்சில் எழுபத்திரண்டையும் படித்து முடித்து, மைக்கை அணைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தங்கை மேடைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அஞ்சாவது! கேட்டல்ல? அஞ்சாவது!"

"கேட்டேன்டி. காது இருக்கு. கத்தாத, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். இனி அந்தம்மாகிட்ட எதுக்குக் கெஞ்சணும்? இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"கையில சாவி வரட்டும்."

"உனக்குச் சந்தோஷப்படவே தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே போனாள். வீட்டுக்கார அம்மாவின் வாசலில் நின்று, "ஒரு நாள்கூட அதிகமா இருக்க மாட்டோம், உங்க மாடியை நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றத் தொடங்கினாள்.

மதியம் அலுவலகத்தில் கூட்டமில்லை. சூப்பிரண்ட் பட்டியலைத் திரையில் எட்டிப் பார்த்தார்.

"இப்படியே ஒட்டினா போன தடவை மாதிரி ஆயிடும்மா. ஆளாளுக்கு நம்பரைத் தேடி முட்டி மோதி, போர்டு கண்ணாடி உடைஞ்சு என் கால்ல குத்துச்சு, ஞாபகம் இருக்கா? சின்ன நம்பர்லேருந்து பெரிய நம்பர் வரைக்கும் வரிசையாப் போட்டுடு. அவனவன் வந்து டக்குனு பார்த்துட்டுப் போவான்."

சேவக்கா பட்டியலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். வரிசைப்படுத்துகிற பொத்தானை அழுத்தினாள். எதைக் கொண்டு வரிசைப்படுத்த, எழுத்தாகவா, எண்ணாகவா என்று ஒரு பெட்டி கேட்டது. இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லாம் மாட்டுவார்கள். எழுத்து என்று விட்டுவிட்டால் இயந்திரம் இலக்கங்களை இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நூற்றறுபதைப் பத்தொன்பதுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். அவளா மாட்டுவாள்? எண் என்று மாற்றினாள். ஏறுவரிசை. சரி.

கண் மூடித் திறப்பதற்குள் எழுபத்திரண்டு வரிகளும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உயரவாரியாக நின்றன. இடது பக்கம் வரிசை எண்: ஒன்று, இரண்டு, மூன்று. வலது பக்கம் விண்ணப்ப எண்: மூன்று, பன்னிரண்டு, பத்தொன்பது. கடைசியிலிருந்து முதல் வரைக்கும் ஒருமுறை படித்தாள். ஒரு எண் விடுபடவில்லை, ஒரு எண் இரட்டிக்கவில்லை. இடது கை சேவ் போட்டது. கோப்பை மூடி, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அச்சு இயந்திரம் இருக்கிற அறைக்குப் போனாள். தலைப்பு காலையிலேயே அடித்து வைத்தது: வரிசை எண் 1 முதல் 36 வரை வீடு ஒதுக்கீடு, 37 முதல் 72 வரை காத்திருப்போர். அலுவலகத் தலைமை அதிகாரி காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தங்கை போன் செய்தாள். பின்னால் கூட்டத்தின் சத்தம்.

"அக்கா, நான் போர்டு முன்னாடிதான் நிக்கறேன். அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு."

"என்ன அறுபத்தெட்டு?"

"என் நம்பருக்கு நேரா. காத்திருப்போர்னு போட்டிருக்கு. அஞ்சுதானேக்கா நான்?"

"நீ சரியாப் பார்த்தியா?"

"முந்நூத்தி எண்பத்தெட்டை நான் சரியாப் பார்க்காம வேற யாரு பார்ப்பா? எனக்குக் கீழ நாலே பேருதான் இருக்காங்க. என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

சேவக்கா கோப்பைத் திறந்தாள். இரண்டு பக்கமும் அதே ஒழுங்கு. அப்போதுதான் அந்த ஒழுங்கிலேயே தப்பு தெரிந்தது. இடது பக்கத்து வரிசை எண்களை அவள் கையால் அடிக்கவில்லை. வரி போடப் போட இயந்திரமே போட்டுக்கொள்ளும் எண்கள் அவை. பஸ்ஸில் சீட் நம்பர் சீட்டோடேயே இருக்கும், ஆட்கள்தான் மாறி உட்காருவார்கள். அதுபோல ஒன்று முதல் எழுபத்திரண்டு வரை இருந்த இடத்திலேயே இருக்க, விண்ணப்ப எண்கள் மட்டும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ஐந்தாவது இடத்தில் இப்போது வேறு யாரோ. சின்ன எண்காரர்கள் எல்லாம் வீட்டுக்குள், பெரிய எண்காரர்கள் எல்லாம் வாசலில். கையால் வரிசை எண்ணை அடித்திருந்தால், அதுவும் விண்ணப்ப எண்ணோடு கூடவே போயிருக்கும். முன்பெல்லாம் கையால்தான் அடிப்பாள். தானாகப் போட்டுக்கொள்வது வேகம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் மாறியிருந்தாள்.

செய்ததைத் திரும்பப் பெறுகிற பொத்தானை அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. மூடித் திறந்த கோப்புக்கு நேற்று என்பதே கிடையாது. வேறு பிரதி உண்டா என்று லேப்டாப் முழுக்கத் தேடினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சேவ் போட்டவள், எல்லாவற்றையும் அதே ஒரு கோப்பின் மேல்தான் போட்டிருந்தாள். கடைசியாகப் போட்டதுதான் மிச்சம்.

பதிவேட்டு எழுத்தரிடம் ஓடினாள். "அண்ணே, அந்தப் புத்தகத்தை எடுங்க. சனிக்கிழமை எழுதினது."

அவர் புத்தகத்தை மெதுவாக விரித்தார். நாள், இடம், நேரம் எல்லாம் முத்து முத்தாக இருந்தன. அதற்குக் கீழே ஒரே வரி: பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

"என்னண்ணே இது?"

"நீதான் அடிச்சிட்டிருந்தியே. ஒரே வேலையை எதுக்கு ரெண்டு பேரு பார்க்கணும்? உன் நம்பர் தப்பாதுன்னு ஊருக்கே தெரியும்."

வில்லைகள்? எல்லாம் ஒரே வாளிக்குள். சனிக்கிழமை மாலையே உருளைக்குள் திரும்பக் கொட்டியாயிற்று.

சூப்பிரண்ட் விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"வரிசையாப் போடுன்னு சொன்னேன். வரிசையை மாத்துன்னு சொன்னேனா?"

"சார், வரிசையாப் போட்டாலே வரிசை மாறத்தானே சார் செய்யும்."

"இப்ப வியாக்கியானம் பண்ணு. அன்னிக்கு உன் வாயில என்ன இருந்துச்சு?"

ஹேர்பின் இருந்தது. சொல்லவில்லை.

அதிகாரியின் அறைக்குள் இருவருமாகப் போனார்கள். அவர் ஆறு மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். கோபப்படாதவர் என்று பெயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு?" என்றார்.

அவள் சனிக்கிழமையே யோசித்திருக்க வேண்டியதை இப்போது யோசித்தாள். மனதுக்கு வரவில்லை. மேஜை விளிம்பில் விரல்களை வைத்துக் கண்ணை மூடினாள். விரல்கள் தயங்கித் தயங்கி நகர்ந்தன. "இருநூத்திப் பத்தொன்பது, நாற்பத்தேழு, முந்நூத்தி அஞ்சு, பன்னிரண்டு, முந்நூத்தி எண்பத்தெட்டு, நூத்தி அறுபது, தொண்ணூத்தி ஒண்ணு, இருநூத்தி எழுபத்திநாலு..." அதற்குமேல் விரல் நகரவில்லை. ஏதோ ஒரு ஏழு. அந்த ஏழுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியவில்லை.

அதிகாரி எட்டு எண்களையும் எழுதிக்கொண்டார். "அஞ்சாவது என்ன சொன்னீங்க?"

"முந்நூத்தி எண்பத்தெட்டு, சார்."

சூப்பிரண்ட் இருமினார். "சார், அது இவங்க தங்கச்சி."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அவருடைய முகத்தில் சந்தேகம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை. ஆனா உங்க வார்த்தையை வச்சு லிஸ்டை மாத்தினா என்ன ஆகும்? தப்பு பண்ணினது நீங்க. தப்பு நடந்துச்சுன்னு சொல்றது நீங்க. எது சரின்னு சொல்றதும் நீங்க. திருத்தினா வீடு கிடைக்கப்போறது உங்க தங்கச்சிக்கு. வெளியில நிக்கற கூட்டத்துல ஒருத்தராவது நம்புவாங்களா?"

"அதுக்குத்தான் சார் சூப்பிரண்ட் சார்கிட்ட முன்னாடியே சொன்னேன், என்னை உட்கார வைக்காதீங்கன்னு."

அதிகாரி சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்ட் ஜன்னலைப் பார்த்தார்.

மதியத்துக்குள் விஷயம் வெளியே கசிந்தது. நான்கு மணிக்கு அலுவலக வாசலில் காலூன்ற இடமில்லை. இருக்கிற வழிகளில் இதுதான் நல்ல வழி என்று நினைத்து, அதிகாரி பட்டியலில் உள்ள எழுபத்திரண்டு பேரையும் வரவழைத்தார். ஒவ்வொருவராக வந்து, தன் எண் எத்தனையாவதாகப் படிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். சூப்பிரண்ட் முப்பத்தாறில் நிறுத்தாமல் படித்ததற்கு விலை அன்றுதான் தெரிந்தது.

பட்டியலின் மேல்பாதியில் இருந்த முப்பத்தாறு பேரும், அதுதான் சரி, அன்று கேட்டதும் அப்படித்தான் என்றார்கள். கீழ்ப்பாதியில் இருந்த முப்பத்தாறு பேரில் முப்பத்தொரு பேர், தாங்கள் முன்னாலேயே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளை தலையில் கைவைத்துச் சொன்னவர் உண்டு, செத்துப்போன அப்பாவின் மேல் சொன்னவர் உண்டு. ஐந்து பேர் மட்டும், இரைச்சலில் ஞாபகம் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆக மொத்தம், முப்பத்தாறு வீட்டுக்கு அறுபத்தேழு சத்தியம்.

ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்திருந்தார். எல்லாரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூன்று நிமிடம் ஓடியது. அதில் அவருடைய மனைவி இரண்டு கையையும் தூக்கிக் குதிப்பது துல்லியமாகத் தெரிந்தது. பின்னால் மைக்கின் கீச்சொலியும் யாரோ ஒரு கைக்குழந்தையின் அழுகையும் கேட்டன. எண் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

தங்கை முறை வந்தபோது, "அஞ்சாவது" என்றாள்.

"ஆமா, அக்காதானே அடிச்சாங்க, அஞ்சென்ன, ஒண்ணுன்னே சொல்லலாமே!" என்றது ஒரு குரல். சிரிப்பு.

தங்கை திரும்பினாள். "அக்கா அடிச்சதாலதான்யா நான் அறுபத்தெட்டுல கிடக்கேன்! எனக்கு வேணும்னு பண்றவ, என்னைக் கொண்டுபோயா அங்க தள்ளுவா?"

சரியான கேள்வி. ஆனால் அந்தக் கூட்டத்தில் சரியான கேள்விகளுக்கு இடமில்லை. "எல்லாம் சேர்ந்து போடற நாடகம்" என்றது இன்னொரு குரல். சேவக்கா சன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போய்த் தங்கைக்குப் பக்கத்தில் நின்றால் அவளுக்குக் கெடுதல். நிற்காவிட்டாலும் கெடுதல். அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் மாடியறைக்குப் போனாள். தரையெல்லாம் துணி மூட்டைகள். பிள்ளைகள் இரண்டும் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன.

"என்ன முடிவு பண்ணினாங்க?"

"மறுபடி குலுக்கப் போறாங்க. எழுபத்திரண்டு பேருக்குள்ள மட்டும். வர்ற சனிக்கிழமை."

"எனக்குக் கிடைச்ச வீட்டுக்கு நான் எதுக்கு மறுபடி போகணும்?"

சேவக்கா ஒரு மூட்டையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். "பாதிக்குப் பாதி இருக்குடி. நானூத்திப் பன்னிரண்டுல வந்தவ, எழுபத்திரண்டுல வர மாட்டியா?"

"நீ கணக்குச் சொல்லாதக்கா. தயவுசெஞ்சு நீ மட்டும் நம்பர் சொல்லாத."

பெரிய பெண் தலையைத் தூக்கி, "பெரியம்மா, கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணினா திரும்ப எடுத்துடலாம்னு எங்க டீச்சர் சொன்னாங்களே?" என்று கேட்டது.

"எடுக்கலாம் கண்ணு. மூடறதுக்கு முன்னாடி."

"நீங்க ஏன் மூடினீங்க?"

"வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்."

அந்த வாரம் அலுவலகத்தில் யாரும் அவளிடம் கல்யாண ஜோக் கேட்கவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அவளுக்கு வந்தது. அதை அடிக்க வேறு ஆள் இல்லாததால், சூப்பிரண்ட் சொல்லச் சொல்ல அவளே அடித்து, அவளே அச்செடுத்து, கையெழுத்து வாங்கிவந்து, அவளே பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொடுத்தாள். 'தங்கள் கவனக்குறைவால்' என்ற இடத்தில் சூப்பிரண்ட் ஒருமுறை நிறுத்தி, "வேற வார்த்தை போடலாமா?" என்று கேட்டார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். "இருக்கட்டும் சார், சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேடையில் நான்கு பேர் நான்கு நோட்டில் எழுதினார்கள். கரும்பலகையில் ஒருவர் பெரிதாக எழுதினார். இரண்டு கேமரா. ஒவ்வொரு வில்லையையும் வரிசையாக ஆணியில் மாட்டினார்கள். சூப்பிரண்ட் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை படித்தார். இதில் பாதியைப் போன வாரம் செய்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

சேவக்காவை மேடைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மைக்கில் எண் படிக்கும்போது அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விரல்கள் கைப்பையின் மேல் அடித்துக்கொண்டே இருந்தன. தங்கை அந்தக் கையைப் பிடித்து அழுத்தினாள்; அன்பா, நிறுத்து என்பதா, தெரியவில்லை.

பத்து போனது. இருபது போனது. சூப்பிரண்டுக்கு முப்பதாவது வில்லையிலேயே குரல் கம்மியது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. தங்கையின் பிடி இறுகியது. முப்பத்தைந்தாவது, முந்நூற்று எண்ப... ஒன்பதா, எட்டா? முந்நூற்று எண்பது. வெறும் எண்பது. முப்பத்தாறாவது, நூற்று ஐம்பத்திரண்டு. "இத்துடன் வீடு ஒதுக்கீடு முடிந்தது. இனி காத்திருப்போர்" என்று சூப்பிரண்ட் நிறுத்தி, நிதானமாக, விதிப்படி அறிவித்தார்.

முந்நூற்று எண்பத்தெட்டு நாற்பத்தொன்றாவதாக வந்தது.

தங்கை கத்தவில்லை. பிடியை விட்டாள். "அஞ்சு" என்றாள், தனக்குத்தானே. காத்திருப்போரில் அவள் ஐந்தாவது. முப்பத்தாறு பேரில் ஐந்து பேர் வீடு வேண்டாம் என்று சொன்னால் அவளுக்குக் கிடைக்கும். அந்த ஊரில் கிடைத்த வீட்டை வேண்டாம் என்று சொன்னவன் இதுவரை பிறக்கவில்லை.

கூடம் கலைகிற நேரத்தில் ஒரு ஆள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெல்டிங் வேலைக்காரராக இருக்க வேண்டும், முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தீக்காயங்கள். கையில் ஒரு மிட்டாய் டப்பா. சேவக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அக்கா, எடுத்துக்கங்க. உங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு தேடிக்கிட்டே வந்தேன். ஒன்பதாவதா வந்திருக்கேன்!"

"சந்தோஷம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப சொல்றதுக்கென்ன, போன வாரம் நான் அம்பத்தி நாலாவது. வெரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். நீங்க மட்டும் அன்னிக்கு அப்படிப் பண்ணலைன்னா, எனக்கு ஏதுக்கா வீடு? என் பொண்டாட்டி உங்க காலைக் கழுவணும்னு சொல்றா."

பக்கத்தில் நிற்பவள் யார் என்று அவருக்குத் தெரியாது. டப்பாவைத் தங்கையிடமும் நீட்டினார். சேவக்கா தங்கையின் கையையே பார்த்தாள். தங்கை இப்போது இவரை என்ன கேட்பாள், திங்கட்கிழமை என்ன சத்தியம் செய்தாய் என்று கேட்பாளா, டப்பாவைத் தட்டிவிடுவாளா?

தங்கை ஒரு மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள். "எத்தனை பிள்ளைங்கண்ணே?"

"மூணும்மா. சின்னதுக்கு இப்பதான் நடை வருது."

"நல்லா இருங்க."

அவர் அடுத்த ஆளைத் தேடிப் போனார். தங்கை கடைவாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"வா, போலாம்."

"எங்கடி?"

"வீட்டுக்கார அம்மாகிட்ட. மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. நீதான் பேசணும். என் வாயால என்னால முடியாது, அன்னிக்கு அவ்வளவு பேசிட்டு வந்திருக்கேன்."

"நான் என்னன்னு பேசறது?"

"என்ன வேணாலும் பேசு. நடந்ததைச் சொல்லு."

"சொன்னா நம்புவாங்களா?"

தங்கை பஸ் நிறுத்தத்தைப் பார்த்து முன்னால் நடந்தாள். வெயிலில் கண் கூசியது. சேவக்கா இரண்டடி பின்னால் நடந்துகொண்டே, வீட்டுக்கார அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்று சொல்லி அழித்தாள், இன்னொன்று சொல்லி அழித்தாள். பஸ் வந்து நின்றபோது 'அம்மா' என்ற முதல் சொல்லுக்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை.